படகுக்கு இருநூற்று நாற்பது

அக்டோபர் 17

திருநெல்வேலியில் இரண்டு நாள் பயிற்சி முடித்துவிட்டு இன்றைக்குத்தான் அணைக்குத் திரும்பினேன். இனிமேல் அலுவலகத்தின் வரவுசெலவுத் திட்டம் முழுவதும் கம்ப்யூட்டரில்தானாம். தாள் கிடையாது, ரப்பர் ஸ்டாம்ப் கிடையாது, சென்னைக்குக் கட்டுத் தூக்கிக்கொண்டு போக ஆள் கிடையாது. இந்த அணைக்கட்டு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து, பாடம் எடுத்த பெண், "மவுஸை மெதுவா பிடிங்க மேடம், அது எங்கயும் ஓடிராது" என்றாள். கிண்டல்.

ஹாலில் ஏ.சி. எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டில் சேமியா பாயசம் வேறு. இரண்டாம் நாள் மூன்று மணி இருக்கும். அவள் திரையில் எதையோ வட்டம் போட்டுக் காட்டி, "இங்கதான் எல்லாரும் தப்பு பண்ணுவீங்க, குறிச்சுக்கோங்க" என்றாள். சுற்றிலும் பேனாக்கள் ஓடின. எனக்குக் கண் சொக்கிவிட்டது. விழித்தபோது டீ வந்திருந்தது. பரவாயில்லை, கணக்கு கணக்குதானே, அது எங்கே மாறிவிடப் போகிறது.

அக்டோபர் 24

அடுத்த வருஷத்துக்கான ஒதுக்கீட்டில் மற்ற செலவு இனங்களையெல்லாம் சென்னையிலேயே ஏற்றிவிட்டார்கள். விட்டுப்போனது எங்கள் படகு ஒன்றுதான். நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் நாற்பத்தொரு வீடு. கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர்களுக்கு வழி அந்தத் துடுப்புப் படகுதான். படகோட்டி பூதத்தானுக்கு மாதம் பதினாறாயிரம், தார் பூசவும் பலகை மாற்றவும் வருஷத்துக்கு நாற்பத்தெட்டாயிரம். ஆக இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். தாளில் எழுதிய காலத்திலிருந்தே நாங்கள் ஆயிரத்தில்தான் எழுதுவோம். மூன்று சுழியை விட்டுவிட்டு 240 என்று போட்டால் மேலே இருப்பவர்களுக்குப் புரியும்.

பக்கம் திறக்க நேரமானது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. தண்ணீரும் மலையும் வானமும் ஒரே வெள்ளையாக, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடந்தன. நடுவில் பூதத்தானின் படகு மட்டும். அது நகர்கிறதா, நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனை நேரம் பார்த்தேனோ. பக்கம் திறந்ததும் 240 என்று தட்டி, மணி மூன்று நாற்பத்திரண்டுக்கு அனுப்பிவிட்டேன். கண்காணிப்பாளர் சவரிராயன் சார் தன் பங்குக்கு ஒரு தட்டுத் தட்டி ஒப்புதல் கொடுத்தார். நான் போட்டால் அவர் திருப்பிப் பார்க்க மாட்டார்.

பயிற்சியாம் பயிற்சி! பத்து நிமிஷ வேலை.

நவம்பர் 3

தீபாவளி போயும் அதிரசம் போகவில்லை. வீட்டில் இவர் சர்க்கரைக்குப் பயந்து தொடமாட்டேன் என்கிறார். அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

டிசம்பர் 6

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட பூதத்தான் வந்தார். வந்தால் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். தண்ணீரைப் பற்றிச் சொல்லுவார், அதிரசம் சாப்பிடுவார், போய்விடுவார்.

"யம்மா, தண்ணி நூத்துப் பதினெட்டு அடி நிக்கி. அக்கரையில மூங்கிலு பாதி முங்கிட்டு. நேத்து மிளா ஒண்ணு நீந்திப் போவுது. நான் துடுப்பத் தூக்கி மடியில வச்சிக்கிட்டு, அது போவட்டும்னு இருந்தேன்."

"படகுல ஆள் இருந்தாங்களா?"

"இருந்தாவ. அவியளும் சும்மாதான் இருந்தாவ."

சாயங்காலம் வரைக்கும் அந்த மிளா மான் என் மேஜையைச் சுற்றி நீந்திக்கொண்டே இருந்தது. ஒரு வேலையும் ஓடவில்லை.

மார்ச் 31

வருஷக் கடைசி. மிச்சப் பணம் திரும்பிப் போய்விடும் என்று ஊரில் எல்லா அலுவலகமும் மேஜை நாற்காலி வாங்குகிறது. எங்களுக்கு ஒரு மின்விசிறி. அதை மாட்ட ஆள் இல்லை.

ஏப்ரல் 29

பூதத்தானின் ஏப்ரல் மாதச் சம்பளப் பில் திரும்பிவிட்டது. "ஒதுக்கீடு போதவில்லை" என்று சிவப்பில் ஒரு வரி. ஏப்ரலிலேயே எப்படிப் போதாமல் போகும்? வருஷம் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் என்னத்தையோ தின்றுவிட்டது. சவரிராயன் சாரிடம் சொன்னேன். "புதுசுல்லா வடிவம்மா, அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள் கழிச்சுப் போட்டுப் பாருங்க" என்றார்.

மே 5

மறுபடி போட்டேன். மறுபடி திரும்பியது. இன்றைக்கு அடியில் இருப்புத் தொகையையும் காட்டியது. பார்த்தேன். மூடிவிட்டு வெளியே போய் மதகுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர் வற்றி, போன கார்த்திகையில் முங்கிய மூங்கில்கள் சேறு பூசிக்கொண்டு நின்றன. நல்ல வெயில்.

மே 8

சவரிராயன் சாரே கடிதம் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: "மென்பொருள் கோளாறு காரணமாகப் படகு இனத்தில் ஒதுக்கீடு குறைவாகப் பதிவாகியுள்ளது." கோளாறு என்ற இடத்தில் என் விரல் இரண்டு தடவை தப்பாகத் தட்டியது. உதவி மையத்துக்கு அனுப்பியாயிற்று. பதில் என் பெயருக்குத்தான் வரும்.

"இதெல்லாம் சரியாயிரும். செப்டம்பர்ல நான் ரிட்டையர். இந்த நாற்காலி உங்களுக்குத்தான. அதுக்குள்ள எவனும் ஒரு மெமோ கூடத் தராமப் பாத்துக்கிடுங்க" என்று சிரித்தார். ஒன்பது வருஷமாக நான் காத்திருக்கிற நாற்காலி அது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு பேர் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் நேரத்தில் குறிப்பாணை ஒன்று நிலுவையில் இருந்தால் பெயரே வராது. இது எனக்கும் தெரியும், சார் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 2

பூதத்தான் வந்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

"தண்ணி ரொம்ப எறங்கிட்டும்மா. பாதித் தூரம் சேத்துல நடத்திதான் ஏத்துதேன்."

நானாகத்தான் சொன்னேன். "பூதத்தான், சம்பளம் கொஞ்சம் தாமதமாகுது. மெஷின்ல கோளாறு."

"மிஷினுதான? ஆளுன்னா கேக்கலாம், மிஷினக் கேக்க முடியுமா" என்று அவரே எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனார். அதிரசம் இல்லாத நாளில் வந்துவிட்டார். இரண்டு பிஸ்கட்தான் கொடுத்தேன்.

ஜூன் 20

சாரல் தொடங்கிவிட்டது. மலை தெரியவில்லை. எதிரே இருக்கிற கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. இப்படிப்பட்ட நாளில் அலுவலகமே எங்கோ மிதந்து போவதுபோல இருக்கும். எனக்குப் பிடித்த நாள். இன்றைக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 3

உதவி மையத்திலிருந்து பதில் வந்தது. வழக்கமான பதில்தான்.

சவரிராயன் சார் கேட்டார், வரவில்லை என்றேன்.

ஜூலை 4

கனவு. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எதையோ தேடுகிறேன். வட்டமாக, வெள்ளையாக, இட்லி மாதிரி மூன்று. கைக்குக் கிடைப்பதுபோல வந்து நழுவுகின்றன. கரையில் பூதத்தான் உட்கார்ந்து, "மெதுவாத் தேடுங்கம்மா, அவசரமில்ல" என்கிறார். இவர் என்னை உலுக்கி எழுப்பினார். "என்னட்டி தேடுத?" என்றார். தெரியவில்லை என்றேன்.

தெரியும்.

ஜூலை 24

ஆடி அமாவாசை. அலுவலகத்துக்கு வருகிற பஸ்ஸில் கிராம செவிலியர் ஜான்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். வாரம் மூன்று நாள் அக்கரைக்குப் போய் கர்ப்பிணிகளைப் பார்ப்பவள்.

"அக்கா, உங்க ஆபீஸ் படகுக்கு என்ன ஆச்சு? காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடைதான் ஓடுது. மத்தியானம் பூதத்தான் செங்கச்சூளைக்குப் போயிருதாரு. போன வாரம் ஒரு பிள்ளைக்கு வலி எடுத்து, மூணு மணி நேரம் கரையில உக்காந்திருந்தோம். நல்ல காலம், பொய் வலி."

"அவர் ஏன் சூளைக்குப் போறார்?"

ஜான்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சம்பளம் வரலன்னா வேற எங்க போவாரு? ஏக்கா, நீங்கதான கணக்கு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் நிறுத்தம் வருவதற்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தேன்.

ஆகஸ்ட் 11

சுற்றறிக்கை திரையில் வந்தது. கூடுதல் ஒதுக்கீடு கேட்க வேண்டியவர்கள் ஆகஸ்ட் 29 மாலை ஐந்து மணிக்குள் காரணத்தோடு பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு மூடிவிடுவார்கள். ஆறு மாதமாகச் செலவு காட்டாத இனங்கள் தேவையற்றவை என்று கருதி நீக்கப்படும். எங்களுக்கு ஆறாவது மாதம் செப்டம்பர். நீக்கிவிட்டால் படகை உடனே மாவட்டக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டுமாம். படகு அங்கே போனால் அக்கரைக்கு வழி காட்டுப்பாதை. பதினாறு கிலோமீட்டர். யானைத்தடம்.

சவரிராயன் சார், "அதே காரணத்தத் திரும்பப் போடுங்க. கோளாறு, கோளாறுன்னு" என்றார்.

"ஒத்துக்கமாட்டாங்க சார்."

"எப்படிச் சொல்லுதீங்க?"

கோப்பைத் தேடுவதுபோல பீரோவுக்குள் தலையை விட்டேன்.

ஆகஸ்ட் 20

வீட்டில் இவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர், இந்த மாதிரி விஷயத்தில் தெளிவாக இருப்பார். "ஒரு ஆளு தப்பு பண்ணிட்டா, அத மெஷின் மேல போட்டா என்ன?" என்றேன். யாரோ ஒருத்தரைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

இவர் சாப்பிட்டுக்கொண்டே, "போடலாம். மெஷின் கோவிச்சுக்காது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆளுக்கு எத்தன நாளாத் தூக்கம் இல்ல?" என்றார்.

எழுந்து ரசம் எடுக்கப் போனேன். ரசம் தட்டில் ஏற்கெனவே ஊற்றியிருந்தது.

ஆகஸ்ட் 27

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டுக்குள்கூட எழுதாமல் நான் யாரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

புது மென்பொருளில் முழு ரூபாயில் போட வேண்டும். அதைத்தான் அந்தப் பெண் வட்டம் போட்டுக் காட்டினாள், நான் தூங்கிவிட்டேன். நான் போட்டது இருநூற்று நாற்பது ரூபாய். ஒரு வருஷத்துக்கு. மாதம் இருபது ரூபாய் ஆகிறது. நாற்பத்தொரு வீட்டின் போக்குவரத்துக்கும் ஒரு மனிதரின் சம்பளத்துக்கும் மாதம் இருபது ரூபாய் ஒதுக்கிய புண்ணியவதி நான். மே ஐந்தாம் தேதி இருப்பைப் பார்த்தபோதே புரிந்துவிட்டது. ஜூலை 3-ல் வந்த பதிலில் ஒளிவுமறைவே இல்லை: "மென்பொருளில் பிழை இல்லை. 240 எனப் பதிவு செய்தவர்: சிதம்பரவடிவு, உதவியாளர். நேரம் 15.42." அதைக் கம்ப்யூட்டரில் யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குள் நகர்த்திவிட்டு, வரவில்லை என்று சொன்னேன். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் ஜூலையிலேயே பணம் வந்திருக்கும். தப்பு பண்ணியது ஒரு நிமிஷம். மறைத்தது நாலு மாதம்.

ஒரு நாற்காலிக்காக. சீ.

ஆகஸ்ட் 28

காரணம் எழுதும் கட்டத்தில் இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்காது. இருபத்தெட்டு வருஷமாக, "மேற்காண் பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில்" என்று எழுதிப் பழகிய கை. அதற்கே பாதி கட்டம் போய்விட்டது. அழித்தேன். கடைசியில் இப்படி வந்தது:

"தவறு என்னுடையது. ரூபாய்க்குப் பதில் ஆயிரத்தில் பதிவிட்டேன். பின்பு மறைத்தேன். படகோட்டி ஐந்து மாதம் ஊதியமின்றிப் படகை ஓட்டுகிறார். படகு வேண்டும். சிதம்பரவடிவு."

சவரிராயன் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"பின்பு மறைத்தேன்ங்கிறத மட்டும் எடுத்துருவோமே வடிவம்மா. அது எதுக்கு?"

"இருக்கட்டும் சார்."

"பட்டியல் வரதுக்கு இன்னும் பத்து நாள்தான்."

"தெரியும் சார்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "நானும்லா பாக்காமத் தட்டுனேன்" என்று முனகிவிட்டு, ஒப்புதல் கொடுக்கும் இடத்தில் அன்றைக்கு முதன்முறையாக ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துத் தட்டினார்.

"உறுதியாகச் சமர்ப்பிக்கவா?" என்று திரை கேட்டது. ஆம்.

பயமாகத்தான் இருந்தது. உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது.

செப்டம்பர் 4

விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. பதினைந்து நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 9

கூடுதல் ஒதுக்கீடு ஆணை வந்தது. ரூபாய் 2,39,760. ஒரு ரூபாய் கூடவில்லை, குறையவில்லை. மத்தியானமே பூதத்தானின் ஐந்து மாதப் பில்லையும் போட்டேன். சுழிகளை எண்ணி, சாரை எண்ணச் சொல்லி, டீ கொண்டுவந்த முருகாண்டியையும் எண்ணச் சொன்னேன். "அஞ்சு எலக்கம், சரியா இருக்கு மேடம்" என்றார் அவர்.

செப்டம்பர் 10

பதவி உயர்வுப் பட்டியல். என் பெயர் இல்லை. இவர் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொடுத்தார். அழுதுகொண்டே ஆறு தின்றேன்.

செப்டம்பர் 13, சனி

நேற்றுப் பூதத்தானின் கணக்கில் எண்பதாயிரம் ஏறிவிட்டது. இன்றைக்கு விடுமுறைதான். இருந்தாலும் காலையிலேயே பஸ் பிடித்து அணைக்குப் போனேன். இவரிடம் சும்மா போகிறேன் என்றேன்.

நீர்த்தேக்கம் பாதி நிறைந்திருந்தது. காற்றே இல்லை. தண்ணீருக்கு மேலே ஒரு முழ உயரத்துக்குப் பனி நின்றது. பூதத்தான் என்னைக் கண்டதும் கரைக்கு ஓடிவந்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"யம்மா! வாங்க, வாங்க. ஒரு நாளாவது நம்ம படகுல ஏறியிருக்கியளா? இன்னைக்கு ஏறணும்."

ஏறினேன். வேறு ஆள் இல்லை. துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் மட்டும். கரை பனிக்குள் போய்விட்டது. அக்கரை இன்னும் வரவில்லை. மேலேயும் கீழேயும் ஒரே வெள்ளை. இருபத்தெட்டு வருஷம் ஜன்னலிலிருந்து பார்த்த இடத்துக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம், யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது.

பூதத்தான்தான் பேசினார். "சவரிராயன் சாரு சொன்னாவ. வடிவம்மாதான் விடாம எழுதி வாங்குனாவ, அதுனால அவிய புரமோசனே போயிட்டுன்னு. எங்க வீட்டுல தெனமும் ஒங்க பேரச் சொல்லிதான் வெளக்கு ஏத்துதா. நீங்க எங்களுக்குச் சாமி மாதிரிம்மா."

சார் நல்ல மனசோடு என் தப்பை மூடி மறைத்திருக்கிறார். தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். சாமியாகவே கரை இறங்கியிருக்கலாம்.

"பூதத்தான், மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. தப்பு பண்ணினது நான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பயிற்சியில் தூங்கியது, இருநூற்று நாற்பது, ஜூலையில் வந்த பதில், அதை மறைத்தது.

துடுப்பு நின்றது. படகு தானாகக் கொஞ்ச தூரம் போய் நின்றது.

"இருநூத்து நாப்பதா? வருசத்துக்கா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அவ கம்மல அடகு வச்சிருக்கேன். ரெண்டு ஆட்ட வித்தேன். மவ காலேசுக்குப் பீஸு கட்டலன்னு ஒரு மாசம் வீட்டுல இருந்தா. அந்த ஆறுமுகத்தாளு பிள்ள வலி எடுத்துக் கரையில கெடந்தப்ப நான் சூளையில செங்கல் சொமக்கேன். யாரு மேலயும் கோவப்பட முடியல. மிஷினுன்னு சொல்லிட்டிய. நான் எங்க போயி மிஷின வையதுக்கு?"

"என்னை வையுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். துடுப்பை எடுத்துப் படகைத் திருப்பினார். பிறகு வைதார். கரை வரைக்கும் வைதார். படிச்ச மூதேவி என்றார். மூணு சுழி போட ஒனக்குக் கையா வலிச்சிது என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ‘நீ’ என்றார். என் தூக்கத்தை, என் நாற்காலியை, நான் கொடுத்த இரண்டு பிஸ்கட்டை, என் கண்ணாடியைக்கூட வைதார். ஐந்து மாதச் சொல்லும் ஒவ்வொரு துடுப்புக்கும் ஒன்றாக வந்து விழுந்தது. கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. வேண்டியதுதான்.

படகு கரையில் முட்டியது. அவர் முதலில் குதித்து, முழங்கால் தண்ணீரில் நின்று, படகை ஆடாமல் பிடித்துக்கொண்டு எனக்குக் கையை நீட்டினார்.

"பாத்து எறங்குங்க, பாசி கெடக்கு" என்றார், வைகிற அதே குரலில்.